எண்ட் கார்டு வரட்டும், அப்புறம் அணை

ஃபின்லாந்தில் வார நாள்களில் மாலை ஏழரை மணிக்கு எம்டிவி3 சேனலில் ‘சலாதுத் எலமாத்’ என்றொரு சீரியல் வரும். 1999 ஜனவரி 25ஆம் தேதி தொடங்கியது. அன்றைக்குப் பிறந்த குழந்தைக்குக் கல்யாணமே ஆகியிருக்கலாம், சீரியல் முடிகிற வழியைக் காணோம். ஹெல்சிங்கியில் இருப்பதாகச் சொல்லப்படும் ஒரு கற்பனைத் தெரு, அதில் சில குடும்பங்கள், அவர்களுக்குள் ரகசியம், துரோகம், ஒட்டுக்கேட்டல். நம் ஊர் ஆட்களுக்கு மொழியே தெரியாவிட்டாலும் கதை புரிந்துவிடும். தம்பெரேக்குக் குடிவந்த புதிதில், ஃபின்னிஷ் காதில் விழட்டும் என்று இதைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். காதில் என்ன விழுந்ததோ தெரியாது, என் கண் மட்டும் ஒவ்வொரு நாளும் கடைசியில் வரும் அந்த ஓரிரு விநாடிக்காகக் காத்திருந்தது. தயாரிப்பு நிறுவனத்தின் லோகோவுக்காக.

இது தொழில் புத்தி. சாலிகிராமத்தில் ஓர் எடிட்டிங் ஸ்டுடியோவில் சீரியல் வெட்டிக்கொண்டிருந்தவள் நான். எபிசோடின் நீளம் சேனல் சொன்ன விநாடியில் நிற்க வேண்டும். நீண்டுவிட்டால் எங்கே கை வைப்பது? பின்னால் ஓடும் பெயர்களில்தான். லைட்மேன் பெயரும் ஒப்பனை உதவியாளர் பெயரும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மேலே பறக்கும். ஆனால் கடைசியில் வரும் கம்பெனி கார்டை மட்டும் தொடக்கூடாது. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அண்ணன் சொல்வார்: “சீனை வெட்டினா டைரக்டர் திட்டுவார், சமாளிச்சுக்கலாம். கார்டை வெட்டினா பணம் போட்டவர் திட்டுவார். அதைச் சமாளிக்க முடியாதும்மா.”

விநாடிக்கு 25 ஃப்ரேம். மூன்று விநாடி கார்டு என்றால் 75 ஃப்ரேம். சென்னையிலும் ஃபின்லாந்திலும் இருந்தது பால் (PAL) என்ற ஒரே டிவி ஒளிபரப்பு முறை, அதனால் இந்தக் கணக்கு மட்டும் இங்கே வந்த பிறகும் மாறவில்லை. அந்த 75 ஃப்ரேமில் யார் காசு, யார் உரிமை என்று எழுதியிருக்கும்.

இந்த சீரியலின் கடைசியில் நிற்கும் பெயர் ஃப்ரிமேன்டில். ஹெல்சிங்கியில் எடுக்கிறார்கள், ஃபின்னிஷ் நடிகர்கள், ஃபின்னிஷ் சமையலறை, ஃபின்னிஷ் சண்டை. கார்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் ஃப்ரிமேன்டில் லக்சம்பர்கில் இருக்கும் ஆர்டிஎல் குழுமத்துக்குச் சொந்தம். அந்தக் குழுமத்தின் பெரும்பங்கு ஜெர்மனியின் பெர்டெல்ஸ்மன் கையில். வாரத்தில் ஐந்து நாள் தினத்தொடர் எடுத்துத் தள்ளும் வித்தையில் பழம் தின்று கொட்டை போட்ட ஆஸ்திரேலியாவின் கிரண்டி நிறுவனமும் இந்தக் குடும்பத்தில்தான் வந்து சேர்ந்தது. ஹெல்சிங்கித் தெருவில் ஒருத்தி இன்னொருத்தியின் கணவனை மடக்குகிறாள், லாபக் கணக்கு ஜெர்மனியில் எழுதப்படுகிறது. எனக்குக் கதையை விட இது சுவாரசியம்.

சரி, எம்டிவி3 என்றேன் அல்லவா. பாட்டுப் போடும் அமெரிக்க எம்டிவிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது 1981இல் பிறந்தது. ஃபின்லாந்தின் ‘மைனோஸ்-டிவி’ 1957ஆம் ஆண்டு ஆகஸ்ட்டிலேயே ஒளிபரப்பத் தொடங்கிவிட்டது. மைனோஸ் என்றால் விளம்பரம், அவ்வளவுதான். ஐரோப்பாவில் பல நாடுகள் தொலைக்காட்சியில் விளம்பரமா என்று முகம் சுளித்துக்கொண்டிருந்த காலம் அது. ஃபின்லாந்துக்காரர்கள் வித்தியாசமான ஓர் ஏற்பாடு செய்தார்கள். விளம்பரக் கம்பெனிக்குத் தனிச் சேனல் கிடையாது. பொது ஒலிபரப்பான யுலேயின் சேனல்களில் தினமும் குறிப்பிட்ட நேரத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ஒரே சேனலில் கொஞ்ச நேரம் யுலே, பிறகு கொஞ்ச நேரம் விளம்பர டிவி, மறுபடி யுலே. விளம்பரத்தில் வந்த பணத்தில் ஒரு பங்கு யுலேக்கே போனது. முகம் சுளித்தவர்களும் சாப்பிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் என்றால் நடுவில் ஒரு தடுப்பு வேண்டுமே. அதற்குத்தான் ஆந்தை. மைனோஸ்-டிவியின் சின்னம் ஆந்தை. அது திரையில் வந்தால் இனி விளம்பரக்காரர்களின் நேரம் என்று அர்த்தம். மறுபடி வந்தால் அவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். இங்கே ஐம்பது வயது தாண்டிய யாரிடம் வேண்டுமானாலும் ஆந்தையைப் பற்றிக் கேளுங்கள், முகம் மலர்ந்துவிடும். ஒரு கம்பெனியின் வியாபார முத்திரையைப் பார்த்து ஜனங்கள் இப்படிச் சிரிப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. எனக்குத் தோன்றும் காரணம், அந்த ஆந்தைக்கு உண்மையிலேயே ஒரு வேலை இருந்தது. வரப்பு காட்டும் வேலை. இன்றைய லோகோக்களில் பாதிக்கு வேலையே இல்லை, சும்மா வந்து மினுக்கிவிட்டுப் போகின்றன.

1986இல் மூன்றாவது சேனல் ஒன்று தொடங்கினார்கள். பங்குதாரர்கள் மூன்று பேர்: யுலே, எம்டிவி, அப்புறம் நோக்கியா. ஆமாம், அதே நோக்கியாதான். ஸ்ரீபெரும்புதூரில் ஆலை போட்டதற்கு இருபது வருடம் முன்பு அந்தக் கம்பெனி டிவிப் பெட்டி விற்றுக்கொண்டிருந்தது. சலோரா என்ற ஃபின்னிஷ் டிவிக் கம்பெனியை வாங்கி வைத்திருந்தது. பெட்டியையும் நாமே விற்போம், அதில் ஓடும் படத்திலும் பங்கு வைத்துக்கொள்வோம் என்ற எண்ணமாக இருந்திருக்கலாம். (நோக்கியா என்பது ஓர் ஊரின் பெயர், தம்பெரேக்குப் பக்கத்து ஊர். நான் இங்கே இருப்பதற்கே சுற்றி வளைத்துப் பார்த்தால் அந்தக் கம்பெனிதான் காரணம், என் வீட்டுக்காரரின் முதல் வேலை அங்கேதான்.) 1993 ஜனவரி 1ஆம் தேதி எம்டிவி தன் நிகழ்ச்சிகள் மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு இந்த மூன்றாவது சேனலுக்குக் குடிபோனது. அதனால்தான் பெயருக்குப் பின்னால் அந்த 3. ஆந்தைக்கு வரப்பு காட்டும் வேலை அன்றோடு போயிற்று.

ஆந்தையைப் பார்த்தவர்கள் ஃபின்லாந்துக்காரர்கள் மட்டும் இல்லை. ஹெல்சிங்கிக்கு எதிரே வளைகுடாவைத் தாண்டினால் சுமார் 80 கிலோமீட்டரில் தாலின் நகரம். அப்போது அது சோவியத் எஸ்தோனியா. அலைகளுக்கு எல்லைக் காவல் தெரியாதே, ஃபின்னிஷ் சிக்னல் வட எஸ்தோனியா முழுவதும் விழுந்தது. ஆனால் ஒரு சிக்கல். சோவியத் டிவிகள் செகாம் முறை, ஃபின்லாந்து பால் முறை. ஆன்டெனாவைத் திருப்பினால் படம் வரும், நிறம் வராது. ஒலிக்கும் தகராறு. படத்துக்கும் ஒலிக்கும் நடுவே உள்ள இடைவெளி இங்கே 5.5 மெகாஹெர்ட்ஸ், அங்கே 6.5. எனவே ஊமைப் படம்தான். தாலினில் கைத்திறன் உள்ள ஆட்கள் சின்ன சர்க்யூட் பலகைகளைச் செய்து பெட்டிக்குள் பொருத்திக்கொடுத்தார்கள். ‘ஃபின்னிஷ் பிளாக்’ என்றே அதற்குப் பெயர். அதைப் பொருத்திய வீடுகளில் அமெரிக்கத் தொடர்கள் ஓடின, காபித் தூள் விளம்பரம் ஓடியது, ஆந்தையும் கூடவே வந்து போனது. கடையில் இறைச்சிக்கு வரிசையில் நின்றுவிட்டு வந்து, மாலையில் ஃபின்லாந்தின் சூப்பர் மார்க்கெட் விளம்பரம் பார்ப்பது என்ன மாதிரி அனுபவம்! எஸ்தோனியர்களில் அந்தத் தலைமுறை ஃபின்னிஷ் நன்றாகப் பேசும். டிவி பார்த்தே கற்றதாகச் சொல்வார்கள். நான் சீரியல் பார்த்துக் கற்ற லட்சணத்தோடு ஒப்பிட்டால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இனி என் ஊர்க் கதை. யுலேயின் இரண்டாவது சேனல் தம்பெரேயில் வளர்ந்தது. அதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1950களில் யுலேயை முந்திக்கொண்டு தொழில்நுட்பக்காரர்கள் சிலர் தனியாக டிவி ஒளிபரப்பு நடத்தினார்கள். பிறகு அது தெஸ்விசியோ ஆனது, தம்பெரேயில் அதன் கிளைக்குத் தம்விசியோ என்று பெயர். காசு கட்டுப்படியாகவில்லை. 1964இல் யுலே வாங்கிக்கொண்டது, அடுத்த வருடம் அது யுலேயின் டிவி2 ஆனது. தலைநகரில் இல்லாத ஒரு சேனல் என்பதால் அதற்கு எப்போதும் கொஞ்சம் திமிர் இருந்தது என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். தோஹ்லொப்பி ஏரிக்கரையில் ஸ்டுடியோ. இப்போது அந்த வளாகத்தில் வேறு பல கம்பெனிகளும் இருக்கின்றன, மீடியாபோலிஸ் என்கிறார்கள்.

அங்கிருந்து 1977 முதல் வருகிற குழந்தைகள் நிகழ்ச்சிதான் ‘பிக்கு கக்கோனென்’. காமில்லா மிக்விட்ஸ் வரைந்த சிங்கம் தொடக்கத்தில் வரும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சிங்கம் தாத்தா பாட்டி மாதிரி நெருக்கம். ஆனால் என்னைக் கவர்ந்தது சிங்கம் அல்ல, முகவரி. குழந்தைகள் படம் வரைந்து அனுப்புவதற்கான அஞ்சல் முகவரியை இந்த நிகழ்ச்சியில் ராகம் போட்டுப் பாடுவார்கள். அஞ்சல் பெட்டி 347, 33101 தம்பெரே 10. அவ்வளவுதான் பாட்டு. எங்கள் மாடியில் இருக்கும் அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேல். லிஃப்டில் ஒரு நாள் எப்படியோ இந்தப் பேச்சு வந்தபோது, வாய்விட்டு முழு முகவரியையும் பாடிக் காட்டினார். வழக்கமாக லிஃப்டில் வணக்கம் சொல்வதற்கே யோசிக்கிற தேசம் இது. தன் வீட்டு பின்கோடு மறந்தாலும் இது மறக்காதாம்.

ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் அடையாளமாக இதைவிடச் சிறந்த ஒன்றை யாராவது செய்திருக்கிறார்களா? முப்பரிமாணத்தில் சுழலும் எழுத்துகளுக்கும் ஒளிக்கீற்றுகளுக்கும் லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள். இவர்கள் ஒரு தபால் பெட்டி எண்ணை ஐந்து தலைமுறைக் குழந்தைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்துவிட்டார்கள். ஐந்து என்பது கொஞ்சம் அதிகம், ஆனால் மூன்று நிச்சயம்.

யுலேயின் பழைய நிகழ்ச்சிகள் பலவற்றை அவர்களே இணையத்தில் போட்டிருக்கிறார்கள். ‘வாழும் காப்பகம்’ என்று 2006இல் தொடங்கினார்கள். நான் அதில் விழுந்தால் எழுந்திருக்க நேரமாகும். நிகழ்ச்சியைப் பார்ப்பதில்லை, முடிவுக்கு நேராகத் தாவிவிடுவேன். பழைய கார்டுகளில் எழுத்து எப்போதும் திரையின் நடுவிலேயே ஒடுங்கி இருக்கும். காரணம் அழகியல் இல்லை. பிக்சர் ட்யூப் டிவிகள் படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் விழுங்கிவிடும். ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் ஒவ்வோர் அளவுக்கு விழுங்கும். அதனால் எழுத்தெல்லாம் நடுவில் 80 சதவீத இடத்துக்குள் அடங்க வேண்டும் என்பது உலகம் முழுக்க விதி. தட்டைத் திரை வந்த பிறகுதான் பெயர்கள் துணிச்சலாக மூலைக்குப் போயின. எழுத்தைப் பார்த்தே எந்தக் காலம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். எழுத்தின் விளிம்பில் லேசான நடுக்கம் இருந்தால் அட்டையில் ஒட்டி கேமரா முன் வைத்தது. விளிம்பு படிக்கட்டாக உடைந்திருந்தால், திரையில் எழுத்து போடுகிற ஆரம்பகால மின்னணு எந்திரம். வழவழவென்று நிழலோடு இருந்தால் கணினி. இன்றைய யுலேயின் கார்டு 2012 லோகோ: நீலப்பச்சைச் சதுரம், அதில் வெள்ளையில் மூன்று சின்ன எழுத்து. குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குப் பிடிக்கும்.

அந்தக் கார்டில் எங்கள் காசும் இருக்கிறது. 2013 முதல் யுலேக்கு என்று தனி வரி, வருமானத்தைப் பொறுத்துப் பிடிக்கிறார்கள். அதற்கு முன்னால் டிவி வைத்திருக்கும் வீடு கட்டணம் கட்ட வேண்டும் என்ற முறை. ஆய்வாளர்கள் கதவைத் தட்டி வருவார்களாம். மாடி அம்மாள் தன் மாணவப் பருவத்தில் டிவியை அலமாரிக்குள் தள்ளி மேலே போர்வை போர்த்திய கதையைச் சொன்னார். கேட்கும்போது எனக்குச் சிரிப்பு, சொல்லும்போது அவருக்கு இன்னும் கொஞ்சம் பயம்.

மூமின் பற்றிச் சொல்லாமல் ஃபின்லாந்து டிவி பற்றி எழுத முடியாது. என் மகன் விடவும் மாட்டான். தூவே யான்சன் உருவாக்கிய அந்தக் குண்டான வெள்ளைக் கதாபாத்திரங்களை ஜப்பானில் 1969இலேயே கார்ட்டூன் தொடராக எடுத்தார்கள். தூவேக்கு அது பிடிக்கவில்லை. பிறகு டென்னிஸ் லிவ்சன் என்ற ஃபின்னிஷ் தயாரிப்பாளர் வந்தார். இந்த முறை தூவேயும் அவர் தம்பி லார்ஸும் கதைகளைப் பார்த்து ஒப்புதல் தந்தார்கள். 1990இல் டிவி டோக்கியோவில் ஓடத் தொடங்கியது. முதல் தொடர் 78 எபிசோடு, தொடர்ந்து வந்ததையும் சேர்த்தால் 104. பிறகு நான்தலி ஊரில் 1993இல் மூமின் பூங்காவே திறந்தார்கள். தம்பெரேயில் மூமின் அருங்காட்சியகம் இருக்கிறது, நாங்கள் போகாத பள்ளி விடுமுறை இல்லை.

இந்தத் தொடரின் தயாரிப்பு நிறுவனம் என்ன தெரியுமா? டெலிகேபிள் பெனலக்ஸ். லிவ்சன் தன் கம்பெனியை நெதர்லாந்தில் பதிந்து வைத்திருந்தார். கோப்பை முதல் விமானம் வரை ஃபின்லாந்து தன் அடையாளமாக ஒட்டிக்கொள்ளும் மூமின், வரைந்தது டோக்கியோவில், காகிதத்தில் உரிமை பெனலக்ஸில். வந்த புதிதில் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, இதில் ஃபின்லாந்து எங்கே இருக்கிறது என்று உட்கார்ந்து தேடினேன். முகப்பில் எல்லாம் ஃபின்லாந்து, பத்திரத்தில் வேறு. மகனுக்கு இதை விளக்கப் பார்த்தேன். “அப்போ மூமின்மம்மா டச்சுக்காரியா?” என்று கேட்டான். இல்லைடா என்றேன். “பின்னே எதுக்கு இதைச் சொல்றே?” நியாயமான கேள்வி.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒரு மனிதர். பெர்த்தி பசனென், ஊருக்கெல்லாம் ஸ்பெதே. 1930இல் பிறந்தவர். எழுதுவார், நடிப்பார், தயாரிப்பார், கிடைக்கிற நேரத்தில் ஏதாவது கருவி கண்டுபிடிப்பார். 1973 முதல் அவர் எடுத்த ஊனோ துர்ஹபூரோ படங்களை விமர்சகர்கள் கரித்துக் கொட்டினார்கள். பல் போன, கிழிந்த பனியன் போட்ட சோம்பேறி நாயகன், வேஸ-மத்தி லோயிரி நடித்தது. 1984இல் வந்த ஒரு படத்தை மட்டும் 7 லட்சம் பேருக்கு மேல் தியேட்டரில் பார்த்தார்கள். நாட்டின் மக்கள்தொகையே அப்போது 50 லட்சத்தைத் தொடவில்லை. ஆறேழு பேருக்கு ஒருவர்! டிவியில் எம்டிவிக்காக அவர் செய்த ‘ஸ்பெதென் ஸ்பெலித்’ 1988இல் தொடங்கி 2002 வரை ஓடியது. அவர் 2001இல் இறந்த பிறகும் கொஞ்ச நாள் வந்தது. சாதாரண ஆட்கள் வந்து விசித்திரமான விளையாட்டுகளில் மோதுவார்கள். அதில் ஒன்று வேகச் சோதனை. நான்கு பட்டன், நான்கு விளக்கு, எரிகிற விளக்கின் பட்டனை அடித்துக்கொண்டே போக வேண்டும், வேகம் கூடிக்கொண்டே இருக்கும். இன்றும் இங்கே எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் ஆர்டுயினோ பலகையில் முதலில் செய்து பழகும் பொம்மைகளில் அது ஒன்று. எங்கள் வீட்டு மேஜையிலும் ஒன்று கிடக்கிறது, மகனும் அப்பாவும் சேர்ந்து செய்தது. தோற்றால் இருவருமே சர்க்யூட்டைக் குறை சொல்வார்கள்.

ஸ்பெதேயின் கம்பெனிகளுக்கும் ஸ்பெதே என்றே பெயர். முடிவில் வருகிற பெயரும் முகப்பில் வருகிற பெயரும் ஒன்று. காசு போட்டவர், எழுதியவர், திரையில் அசடு வழிபவர் எல்லாம் அவரே. கார்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக எனக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கவில்லை.

இப்போது நிலைமை அப்படி இல்லை. ஃபின்லாந்து 1995இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. ஒன்றியத்தின் விதி ஒன்று, சேனல்கள் தங்கள் நேரத்திலோ செலவிலோ குறைந்தது 10 சதவீதத்தைச் சுயேச்சையான ஐரோப்பியத் தயாரிப்பாளர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. சேனலே எல்லாவற்றையும் எடுத்த காலம் போய், சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு வாழ்வு வந்தது. 2017இல் இன்னொரு திட்டம்: நாட்டுக்குள் படப்பிடிப்புக்குச் செலவழித்த பணத்தில் 25 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும். அதோடு எலிசா என்ற தொலைபேசிக் கம்பெனியும் தொடர் எடுக்க வந்தது. எலிசாவுக்காக எடுத்த ‘கைக்கி சுன்னித்’ 2019இல் வந்தது, தயாரிப்பு மத்தில ரோர். யுலேக்காக எடுத்த ‘சொர்யோனென்’ 2016இல் வந்தது, ரஷ்ய எல்லையோரம் லப்பேன்ரந்தா ஊரில் நடக்கும் போலீஸ் கதை. தயாரிப்பு ஃபிஷர் கிங், கூட ஒரு பிரெஞ்சு நிறுவனம். ‘கர்ப்பி’ 2018, டயோனிசஸ் ஃபிலிம்ஸ். பின்னிரண்டும் நெட்ஃப்ளிக்ஸ் வழியாக உலகம் சுற்றின.

இப்படிப்பட்ட தொடர்களின் முடிவைப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை ஞாபகம் வரும். பெரியப்பா பெயர் விட்டுப்போனால் சண்டை, சித்தப்பா பெயர் பெரியப்பாவுக்கு மேலே போனால் அதைவிடப் பெரிய சண்டை. சேனல், தயாரிப்பாளர், கூட்டுத் தயாரிப்பாளர், விற்பனை உரிமைக்காரர், திரைப்பட அறக்கட்டளை, வடக்கு நாடுகளின் பொது நிதி, ஐரோப்பிய ஒன்றியத்தின் மீடியா திட்டம். ஒவ்வொருவரும் எந்த இடத்தில், எத்தனை பெரிதாக, எத்தனை விநாடி என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருப்பார்கள். இதைக் கட்டி முடிக்கும் எடிட்டரை நினைத்து எனக்குப் பரிதாபமாக இருக்கும். படத்தில் ஒரு கொலையைச் சரியாக வெட்டுவது சுலபம்.

ஒலி வேறு. ஒவ்வொரு கம்பெனி லோகோவும் ‘டிங்’ என்றோ ‘வூம்’ என்றோ தன் சத்தத்தோடு வரும். ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் 2010இல் சத்தத்துக்கு ஓர் அளவு வகுத்தது, மொத்த நிகழ்ச்சியும் சராசரியாக மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ்ஸில் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு அது) நிற்க வேண்டும் என்று. நல்ல விதி. அதற்கு முந்தைய காலத்து டேப்பை அப்படியே போட்டால், தூங்கப்போகும் நேரத்து மெல்லிய காட்சிக்குப் பிறகு கம்பெனி லோகோ காதில் அறையும். எங்கள் சாலிகிராமத்தில் அதை வேண்டுமென்றே செய்தோம், தூங்கிவிட்டவர் எழுந்து அடுத்த சீரியலைப் பார்க்கட்டும் என்று.

இன்னொரு கார்டு இருக்கிறது, அதை யாரும் லோகோ என்று எண்ணுவதில்லை. ஃபின்லாந்தில் குழந்தைகள் நிகழ்ச்சி தவிர வெளிநாட்டுப் படம் எதற்கும் குரல் மாற்ற மாட்டார்கள், எல்லாவற்றுக்கும் கீழே எழுத்துதான். படம் முடிந்ததும் கடைசி வரியாக மொழிபெயர்த்தவரின் பெயர் வரும், பக்கத்திலோ கீழேயோ அவர் வேலை செய்த கம்பெனியின் பெயர். 2012இல் எம்டிவி தன் மொழிபெயர்ப்பு வேலையை பிடிஐ என்ற பன்னாட்டு நிறுவனத்துக்குக் கைமாற்றியபோது மொழிபெயர்ப்பாளர்கள் கொதித்தார்கள், பெரிய தகராறு ஆனது. பிறகு அந்த பிடிஐயை ஐயூனோ என்ற இன்னொரு நிறுவனம் 2019இல் வாங்கியது. அவர்களே 2021இல் எஸ்டிஐ மீடியாவையும் வாங்கினார்கள். மொழிபெயர்ப்பாளர் அதே ஆளாக இருக்கலாம், அதே மேஜையில் உட்கார்ந்து அதே மாதிரி நகைச்சுவைக்கு மண்டையை உடைத்துக்கொண்டிருக்கலாம். அவர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஆனாலும் தனி மனிதரின் பெயர் அங்கே நிற்கிறதே, அது பெரிய விஷயம். நம் ஊரில் டப்பிங் வசனம் எழுதுகிறவரின் பெயரைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் பார்ப்பதற்கு நெட்ஃப்ளிக்ஸ் விடவேண்டுமே. ‘கர்ப்பி’ முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் படம் ஒரு மூலைக்குச் சுருங்கி, அடுத்த எபிசோடுக்கான எண்ணிக்கை ஆரம்பித்துவிடும். மொத்தப் பத்திரிகையும் தபால் தலை அளவுக்குப் போய், யாரும் படிப்பதற்குள் காணாமல் போகும். விநாடிக் கணக்கில் சண்டை போட்டு ஒப்பந்தம் எழுதி வாங்கிய அத்தனை பேரையும் ஒரே ஒரு பட்டன் காலி செய்கிறது. அமைப்புகளில் போய் இந்தத் தானியங்கி ஓட்டத்தை நிறுத்தலாம், ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனித்தனியாக நிறுத்த வேண்டும். நான் நிறுத்தினேன். வீட்டுக்காரர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெயர்கள் முடியும் வரை கொட்டாவி விட்டுப் பார்த்தார், அப்புறம் தனக்கென்று ஒரு ப்ரொஃபைல் திறந்துகொண்டார். மகன் அப்பா கட்சி.